கையில் எடுத்துப் பார்க்க ஒரு படம்

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை முற்பகல், நகரியில் உள்ள எங்கள் கிளைக்கு ஓர் அம்மையார் தம் இரு பிள்ளைகளுடன் வந்தார். விசைத்தறியில் வேலை பார்த்துவந்த அவருடைய கணவர் சில வாரங்களுக்கு முன் மாரடைப்பால் காலமாகியிருந்தார். கணவரின் சேமிப்புக் கணக்கில் இருந்த சிறு தொகையைப் பெறுவதற்காக அவர் வந்திருந்தார். இறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, விண்ணப்பம் யாவும் சரியாக இருந்தன. நியமனதாரராக அவர் பெயரே பதிவாகியிருந்தமையால் பணி விரைவாகவே முடிந்தது. கணக்கு முடிக்கப்பட்டது என்ற முத்திரையைப் பாஸ் புத்தகத்தில் பதிக்க எடுத்தபோது, அவர் எழுந்து நின்று தயங்கியபடியே கேட்டார்: "சார், அந்த போட்டோ மேல மட்டும் சீல் குத்தாதீங்க சார். எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்குது."

எங்களுக்கு வியப்பாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதருக்கு, கையில் கைப்பேசி வைத்திருந்த ஒருவருக்கு, ஒரே ஒரு படமா? விசாரித்தபோது விவரம் தெரிந்தது. படங்கள் இல்லாமல் இல்லை, நூற்றுக்கணக்கில் இருந்தன. மகளின் பிறந்தநாள், திருமலையில் மகனுக்கு முடியிறக்கிய நாள், பொங்கல், ஊர்த் திருவிழா என அனைத்தும் அவருடைய கைப்பேசியில்தான் இருந்தன. அதைத் திறப்பதற்கான கோலம் அவருக்கு மட்டுமே தெரியும். பழுது பார்க்கும் கடையில் கொடுத்தார்கள். கைப்பேசியைத் திறந்து தரலாம், ஆனால் உள்ளே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்று கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். உறவினர் ஒருவர் வைத்திருந்த வாட்ஸ்அப் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்தார்கள். முகம் கலங்கி, நிறம் வெளுத்து, வேறு யாரோ போல அமைந்துவிட்டது. "இது எங்கப்பா இல்ல" என்று சின்னப் பெண் சொன்னாளாம்.

முத்திரையைப் படத்தின் மேல் படாமல் வேறு பக்கத்தில் பதித்துப் புத்தகத்தை அவரிடமே கொடுத்தோம். அதற்கு மேல் வங்கியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால், அந்த நாளுக்குப் பின் இது குறித்து எழுதவேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பணத்தைப் பாதுகாப்பது பற்றி இவ்விதழில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. பணத்தால் மீண்டும் வாங்க முடியாத ஒன்றைப் பாதுகாப்பது பற்றியும் ஒருமுறை எழுதுவதில் தவறில்லை.

எங்கள் கருத்து இதுதான்: ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒருமுறை, கைப்பேசியில் உள்ள படங்களிலிருந்து ஐம்பது அறுபது படங்களைத் தேர்ந்தெடுத்து, நல்ல தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தடையாக இருப்பது செலவு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் செலவு மிகக் குறைவு. எதைக் கேட்டு வாங்குவது என்ற விவரம் தெரியாமைதான் தடை.

ஒரு சுருளில் முப்பத்தாறு

நம் பெற்றோர் காலத்தில் புகைப்படம் என்பது எண்ணி எடுக்கப்பட்டது. ஒரு சுருளில் 36 படங்கள். சுருளுக்கு ஒரு செலவு, கழுவுவதற்கு ஒரு செலவு, தாளில் போடுவதற்கு ஒரு செலவு. எனவே பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். எடுத்ததை எல்லாம் தாளில் போட்டார்கள். நகரியிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பேருந்தில் போய், மலையேறிச் சாமி கும்பிட்டு, முடி காணிக்கை செலுத்திய தலையுடன் ஸ்டூடியோவில் திரைச்சீலைக் கோபுரத்தின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம் இன்றும் இப்பகுதியின் பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு தாத்தாவின் உயரம், பாட்டியின் மூக்குத்தி, அப்பாவின் அரைக்கால் சட்டை என்று மூன்று தலைமுறை பேசுகிறது.

அந்தக் காலத்தின் தொழிலும் நம் அருகிலேயே இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் படச் சுருள்களையும் தாள்களையும் எக்ஸ்ரே படலங்களையும் தயாரித்தது. பின்னர் வண்ணம் வந்தது. அதன் பின்னர் டிஜிட்டல் வந்தது. சுருளே இல்லாமல் படமெடுக்கும் முதல் கருவியை 1975இல் உருவாக்கியவர் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அக்கருவி 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதே கோடக் நிறுவனம் 2012 ஜனவரியில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. உதகை ஆலையும் இன்று இயங்கவில்லை.

படம் எடுப்பதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. அதனுடன் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் தாளில் போடும் வழக்கமும் போய்விட்டன. ஆயிரம் ஆயிரமாகச் சேர்கின்றன, பார்ப்பதற்கு நேரமில்லை. திருமணம் மட்டும் விலக்கு. திருமணச் செலவுக்குக் கடன் கேட்டு வருவோர் காட்டும் பட்டியலில் 'போட்டோ, வீடியோ' என்ற வரி தவறாமல் இடம்பெறும். கனத்த அட்டை போட்ட கரிஷ்மா ஆல்பம் வரும். இரண்டு முறை விருந்தினருக்குக் காட்டப்படும். பின்னர் பீரோவின் மேல்தட்டுக்குப் போகும். இரண்டு நாள் நிகழ்ச்சிக்குப் பெருந்தொகை செலவிடும் நாம், எஞ்சிய வாழ்நாளின் படங்களுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் ஒதுக்குவதில்லை.

இணையத்தில் இருக்கிறதே

"எல்லாம் கூகுளில் தானாகவே சேமிக்கப்படுகிறதே, தாள் எதற்கு?" என்று இளைய வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இணையச் சேமிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; அது கட்டாயம் வேண்டும். ஆனால், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. கூகுள் போட்டோஸ் சேவையில் அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. இப்போது மின்னஞ்சல் உட்பட அனைத்துக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். நிரம்பியவுடன் புதிய படங்கள் சேமிக்கப்படுவதில்லை. அதற்கான அறிவிப்பைப் பலர் படிக்காமலே தள்ளிவிடுகின்றனர். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையும் 2023 டிசம்பரிலிருந்து தொடங்கிவிட்டது.

வங்கிக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிவு செய்யுமாறு நாங்கள் வலியுறுத்துவதைப் போல, கூகுள் கணக்கிலும் ஓர் ஏற்பாடு உள்ளது. குறிப்பிட்ட காலம் கணக்கு பயன்படுத்தப்படாவிட்டால், நாம் முன்கூட்டியே குறித்த நபருக்கு அதில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைக்கும். ஆப்பிள் கைப்பேசிகளிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. பத்து நிமிட வேலை. நமக்குத் தெரிந்தவரில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விரல் மடக்க வேண்டியிருக்காது.

தாளும் அழியாதது அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 நவம்பரில் திருப்பதியிலும் சுற்றுப்புறங்களிலும் கொட்டிய பெருமழையின்போது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2015 டிசம்பரில் சென்னையும் அதைக் கண்டது. நனைந்த பீரோவிலிருந்து நகையை எடுத்துத் துடைத்து வைக்கலாம். ஒட்டிக்கொண்ட ஆல்பத்தைப் பிரிக்க முடியாது. எனவே இரண்டும் வேண்டும். ஒரே இடத்தில் முதலீடு செய்யாதீர்கள் என்று நாங்கள் சொல்வதன் பொருள் இங்கும் பொருந்தும். தாள் போனால் கோப்பு இருக்கட்டும். கோப்பு போனால் தாள் இருக்கட்டும்.

எனினும், தாளுக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதைப் பார்க்கக் கடவுச்சொல் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் எடுத்துப் பார்க்கலாம். கைப்பேசி கொடுக்கத் தயங்கும் குழந்தையிடமும் கொடுக்கலாம்.

நல்ல படத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

முதலில் கோப்பு. அச்சு மோசமாக வருவதற்குப் பெரும்பாலும் ஸ்டூடியோவின் இயந்திரம் காரணம் அன்று; நாம் கொடுத்த கோப்பே காரணம். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டு, நீளவாட்டில் ஏறத்தாழ 1,600 பிக்சலாகக் குறைந்துவிடுகிறது. தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 4×6 அளவுக்கு 1,200×1,800 பிக்சல் தேவை. 8×12 அளவுக்கு 2,400×3,600 தேவை. வாட்ஸ்அப் படத்தைச் சிறிய அளவில் போட்டால் சமாளித்துவிடும். 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும், முகம் கலங்கும். இதற்கு மாறாக, 12 மெகாபிக்சல் கைப்பேசி எடுத்த மூலப்படம் 4,000×3,000 பிக்சல் கொண்டது. 13×10 அங்குலம் வரை தெளிவு குறையாமல் போடலாம். ஆகவே மூலப்படத்தையே கொடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், சுருங்காது. பென்டிரைவில் கொண்டுபோவது அதனினும் நல்லது.

இங்கே வங்கி அலுவலர்கள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. திறந்த கைப்பேசியை ஸ்டூடியோ மேசையில் கொடுத்து, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே காப்பி குடிக்கப் போகும் வழக்கம் வேண்டாம். அந்தக் கைப்பேசியில்தான் யுபிஐ செயலி இருக்கிறது. அந்தப் படத்தொகுப்பில்தான் ஆதார், பான், பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவையும் இருக்கின்றன. ஸ்டூடியோக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். அந்தக் கணினியை இன்னும் யார் யார் தொடுவார்கள் என்பது அவருக்கே தெரியாது. வேண்டிய படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, அளவு. கைப்பேசிப் படம் பொதுவாக 4:3 என்ற விகிதத்தில் அமைகிறது. 4×6 தாளின் விகிதம் 3:2. இரண்டும் ஒன்றல்ல. 6 அங்குல நீளத்தை நிரப்பினால் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். அதாவது படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் பின்வரிசையின் உச்சந்தலையும் முன்வரிசையின் பாதங்களும் காணாமற்போவது இதனால்தான். "ஓரம் வெட்டாமல், வெள்ளை விட்டுப் போடுங்கள்" என்று கேட்டால் முழுப் படமும் வரும். இயந்திரம் தானாக வெட்டும். நாம் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

மூன்றாவது, முறை. இப்போது நம் ஊர்களில் படம் மூன்று நான்கு வழிகளில் அச்சாகிறது. பெரிய லேப்களில் ஒளியுணர் தாளில் லேசர் ஒளியால் பதிந்து, மருந்தில் கழுவி எடுப்பது ஒன்று. பழைய வண்ணப் படத்தின் வழியே இதுவும். தொட்டால் மை ஒட்டாது, நிறம் இயல்பாக இருக்கும், மொத்தமாகப் போடும்போது மலிவு. பாஸ்போர்ட் அளவுப் படங்களை உடனுக்குடன் எடுத்துத் தரும் சிறு இயந்திரங்கள் வண்ண நாடாவைச் சூடேற்றித் தாளில் ஏற்றி, மேலே ஒரு காப்புப் படலமும் இடுகின்றன. ஈரத்தைத் தாங்கும், நொடியில் கிடைக்கும். மூன்றாவது இங்க்ஜெட். மையும் தாளும் தரமானவையாக இருந்தால் மிக நன்றாக வரும். மலிவான மையாக இருந்தால் வெயில் படும் சுவரில் விரைவில் வெளுக்கும். நான்காவதாகச் சொல்லத்தக்கது கலர் ஜெராக்ஸ். விண்ணப்பத்துடன் இணைக்க அது போதும். குடும்பப் படத்துக்கு உகந்தது அன்று. "எந்த மிஷினில் போடுகிறீர்கள், என்ன பேப்பர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். துணிக்கடையில் நூல் என்னவென்று கேட்காமல் நெசவாளர் ஊரில் யாராவது துணி எடுப்பார்களா?

நான்காவது, நிறம். இதை நாம் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். பல இடங்களில் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்துத் தருகிறார்கள். வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும் என்பது அவர்களின் அனுபவமாக இருக்கலாம். ஆனால் வெயிலில் நின்று உழைத்த நம் அப்பாவின் நிறம் அவருடைய நிறம். அம்மாவின் நெற்றிச் சுருக்கம் அவருடையது. பதாகையைப் பார்த்து "இது எங்கப்பா இல்ல" என்று சொன்ன குழந்தையை நினைவில் கொள்ளுங்கள். "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், இருப்பதை இருப்பதுபோலப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவதே நல்லது.

ஐந்தாவது, மாதிரி. அறுபது படங்களையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். வெயிலில் எடுத்தது ஒன்று, வீட்டுக்குள் எடுத்தது ஒன்று, பழையது ஒன்று, குழுப்படம் ஒன்று, முகம் மட்டும் ஒன்று என ஐந்தை முதலில் போட்டுப் பாருங்கள். கடையின் விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திருப்தியாக இருந்தால் மற்றவற்றைக் கொடுங்கள். இணையவழியில் அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்களிடமும் இதே முறைதான். அங்கு ஒரு படத்தின் விலை குறைவாகத் தெரியும். அனுப்பும் செலவைச் சேர்த்துப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் சலுகை இணைப்புகளைத் தொட்டுப் பணம் செலுத்துவது கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுவது. பேச்சுக்கு, ஒரு 4×6 படத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அறுபது படங்கள் என்றால் 600 ரூபாய். மாதத்துக்கு 50 ரூபாய். ஒரு தேநீருக்கும் வடைக்கும் வாரந்தோறும் நாம் கொடுப்பதைவிட இது குறைவாகவே இருக்கும். பத்து ஆண்டுகளில் 600 படங்கள் சேரும். பிள்ளைகள் வளர்ந்த கதை முழுவதும் நான்கைந்து ஆல்பங்களில் அடங்கிவிடும்.

வீட்டிலேயே ஓர் அச்சுப்பொறி வாங்கிவிட்டால் என்ன என்று கேட்போரும் உண்டு. பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக எப்படியும் வாங்குவதாக இருந்தால் சரி. படத்துக்காக மட்டும் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. அச்சுப்பொறியின் விலையுடன் மையின் விலையும் தாளின் விலையும் சேரும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால் மை உலர்ந்து முனை அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யவே மை செலவாகும். ஆண்டுக்கு அறுபது படம் போடுபவருக்கு ஸ்டூடியோவே சிக்கனம்.

எப்போது போடுவது என்பதிலும் சிக்கனம் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோக்காரர் திருமண ஆல்ப வேலையில் மூழ்கியிருப்பார். உங்கள் அறுபது படங்களை அவர் கவனிக்க மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கும் ஆஷாட மாதத்தில் முகூர்த்தம் இல்லை. அந்த நாட்களில் கடை ஓய்ந்திருக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்து விலையைப் பேசலாம். நிறத்தையும் பொறுமையாகப் பார்த்துத் தருவார். நமக்குச் செலவு குறையும். அவருக்கு வேலையற்ற மாதத்தில் வருமானம் வரும்.

ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசி வந்தபின் தொழில் போய்விட்டது என்ற ஏக்கம் உங்களிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் படமும் திருமணமும் மட்டுமே தொழில் என்று இருந்துவிட வேண்டாம். 'கைப்பேசிப் படங்களை நல்ல தாளில் போட்டுத் தரப்படும். 4×6 இவ்வளவு, 8×12 இவ்வளவு' என்று விலைப்பலகை எழுதி வாசலில் வையுங்கள். விலை தெரியாத கடைக்குள் நுழையச் சாதாரண மக்கள் தயங்குகின்றனர். நல்ல அச்சுப்பொறி வாங்க முதலீடு வேண்டும் என்றால், 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் பிணை இன்றிக் கடன் பெறலாம். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் வாய்ப்பு உண்டு. கிளைக்கு வந்து பேசுங்கள்.

பின்புறத்தில் பெயர்

அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்ததாகாது. வைக்கும் முறையும் முக்கியம். பசைபூசிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே கண்ணாடித்தாள் மூடும் பழைய ஆல்பங்கள் காலப்போக்கில் மஞ்சளித்துப் படத்தையும் கெடுக்கின்றன. படத்தைச் செருகிவைக்கும் பை போன்ற ஆல்பங்களே நல்லவை. பழைய படங்களைச் சூடான லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. சுவரில் மாட்டும் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்காமல், நடுவில் அட்டைச் சட்டம் கொடுத்துப் பிரேம் போடச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் கண்ணாடியுடன் ஒட்டிக்கொள்ளாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்புறத்தில் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற மூன்று விவரங்கள் போதும். வழவழப்பான தாளில் பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். மென்மையான பென்சிலோ, அதற்கென விற்கும் உலரும் மைப் பேனாவோ நல்லது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலையில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியுள்ளது. சாதாரணக் குடும்பங்களின் படங்களும் வரலாறுதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பெயர் எழுதப்படாத முகத்துக்கு எந்த ஆய்வாளராலும் பெயர் சூட்ட முடியாது. அதைச் செய்ய இன்று வீட்டில் இருக்கும் பெரியவரால்தான் முடியும்.

நம் பகுதிக்கு இதில் இன்னொரு தேவையும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நகரி ஆந்திரத்தில் நின்றது. எல்லை நடுவில் விழுந்தாலும் உறவுகள் இருபுறமும் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. ஆனால், வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கின்றனர்; பாட்டி எழுதிய தமிழ் எழுத்தைப் பேரன் படிக்கத் திணறுகிறான். ஆகவே படத்தின் பின்னால் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், தெலுங்கிலும் எழுதுங்கள். அந்த எழுத்தைப் பேரனையே எழுதவைத்தால், எழுதும்போதே "யார் இந்தத் தாத்தா?" என்று கேட்பான். கதை சொல்வதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

முதலில் சொன்ன அம்மையார் இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையாகக் கிளைக்கு வந்தார். பாஸ் புத்தகத்தை உள்ளூர் ஸ்டூடியோவில் கொடுத்து, அந்தச் சிறு படத்தை ஸ்கேன் செய்து போடச் சொல்லியிருக்கிறார். மூன்றரை சென்டிமீட்டர் அகலப் படத்தை எவ்வளவுதான் பெரிதாக்க முடியும்? இரண்டு மடங்குக்கு மேல் போனால் முகம் போய்விடும் என்று அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்துச் சொல்லி, உள்ளங்கை அளவுக்கு மேல் போடாமல், நிறத்தையும் மாற்றாமல் கொடுத்திருக்கிறார். பணம் வாங்க மறுத்துவிட்டாராம். மூன்று பிரதிகள். ஒன்று வீட்டுச் சுவருக்கு, ஒன்று திருத்தணியில் உள்ள மாமியாருக்கு. மூன்றாவதை அம்மையார் தம் பையிலிருந்து எடுத்து எங்களிடம் காட்டினார். கணக்குத் தொடங்க வந்த நாளில் எடுத்த படம். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, சிரிக்காமல் நேராகப் பார்க்கிறார். சிரிக்கிற படங்கள் எல்லாம் திறக்க முடியாத கைப்பேசியில் இருக்கின்றன.

இவ்விதழை மூடிவைத்தபின் உங்கள் கைப்பேசியைத் திறந்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சிரிக்கிற படமாக ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுங்கள். நாளை அந்த நான்கைந்து படங்களை மட்டுமாவது தாளில் போட்டுவிடுங்கள். மற்றவற்றை ஆடி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.